படக்கதை நூல்களின் வழியே குழந்தைக்கு ஆங்கிலம்: பெற்றோருக்கும் ஆசிரியருக்குமான முழுமையான வழிகாட்டி

வீட்டில் தமிழ் பேசி வளரும் குழந்தைக்கு ஆங்கிலம் பெரும்பாலும் எழுத்துகளாகவும், சொற்பொருள் பட்டியலாகவும், மனப்பாடம் செய்ய வேண்டிய கேள்வி பதில்களாகவுமே அறிமுகமாகிறது. அம்மொழியில் ஒரு கதையைக்கூட மகிழ்ந்து கேட்டிராத நிலையில் அதன் எழுத்துக்கூட்டலை ஒப்பிக்கும் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் ஏராளம். படக்கதை வாசிப்பு நூல்கள் இந்த வரிசையை மாற்றுகின்றன. முதலில் கதையும் அதன் பொருளும், அடுத்து மொழியின் ஒலியும், அதன் பின்னரே எழுத்தும் குழந்தையிடம் வந்து சேர்கின்றன. இந்த வரிசையைக் குலைக்காமல் நூலைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துவது எப்படி என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

இங்கே பேசப்படுபவை பேச்சுக் குமிழிகளுடன் கட்டம் கட்டமாக வரும் சித்திரக்கதைகள் அல்ல. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெரிய படமும் அதனருகே ஒன்றிரண்டு வரிகளும் கொண்டு, சில பத்துப் பக்கங்களுக்குள் முடிந்துவிடும் சிறு கதை நூல்களையே குறிப்பிடுகிறேன். நான்கு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோரையும், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆங்கிலமே வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அது மூன்றாம் படியில் வருகிறது.

படம் ஏன் வேண்டும்

படத்தின் துணையுடன் மொழி கற்பிக்கும் முறை மிகப் பழையது. கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658இல் நூரம்பெர்க் நகரில் வெளியிட்ட 'ஆர்பிஸ் பிக்டஸ்' என்னும் நூல், படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அதே எண்ணைப் பாடத்தில் உள்ள லத்தீன் சொல்லுக்கும் ஜெர்மன் சொல்லுக்கும் இட்டது. அடுத்த ஆண்டே அதன் ஆங்கிலப் பதிப்பும் வந்தது. புதிய மொழிக்கும் தாய்மொழிக்கும் நடுவில் படத்தை வைத்து, இரண்டையும் அதனுடன் இணைக்கலாம் என்பதே அந்நூலின் அடிப்படை. இன்றைய இருமொழிப் படக்கதை நூல்கள் செய்வதும் அதுதான்.

இந்தியத் துணைக்கண்டத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளிப் பிள்ளைகள் படித்த ஆங்கில வாசிப்பு நூல்களை ஆராய்ந்தார். அவற்றில் புதிய சொற்கள் அடுத்தடுத்து வந்து குவிவதையும், கற்ற சொல் மீண்டும் கண்ணில் படும் வாய்ப்பே இல்லாமல் போவதையும் கண்டார். எனவே, புதிய சொற்களைக் குறைத்து, அறிமுகமான சொற்களைப் பலமுறை திரும்பக் கொண்டுவரும் நூல்களை அவரே எழுதினார். படிநிலைப்படுத்தப்பட்ட ஆங்கில வாசிப்பு நூல்கள் உலகெங்கும் பரவியதற்கு அம்முயற்சி ஒரு முக்கியத் தொடக்கம்.

ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் தவறாமல் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு பிஜித் தீவுகளில் நடந்தது. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் ஆகிய இருவரும், புத்தகங்கள் அரிதாகவே கிடைத்த எட்டுக் கிராமப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் படித்த 380 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் சுவையான 250 ஆங்கிலக் கதை நூல்களை வழங்கினர். அப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. ஒரு பகுதியினர் நாள்தோறும் தாமாகவே அமைதியாக வாசித்தனர். மற்றொரு பகுதியினருக்கு ஆசிரியர் கதையை உரக்க வாசித்துக் காட்டி, அதைப் பற்றி உரையாடி, மாணவர்களுடன் சேர்ந்து மீண்டும் வாசித்தார். எட்டு மாதங்களுக்குப் பின் சோதித்தபோது, வாசித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் இம்மாணவர்கள் வழக்கத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தனர். இருபது மாதங்களுக்குப் பின் அந்த முன்னேற்றம் மேலும் கூடியதோடு பிற மொழித்திறன்களுக்கும் பரவியது. 1983இல் வெளியான இந்த ஆய்வில் என்னைக் கவர்வது ஒன்றுதான்: அங்கே புதிதாகச் சேர்ந்தவை கதை நூல்களும் அவற்றுக்கென ஒதுக்கப்பட்ட நேரமும் மட்டுமே. நம் ஊர்ப் பள்ளி எதனாலும் செய்யக்கூடிய காரியம் அது.

முதற்படி: குழந்தை எங்கே நிற்கிறது என்று அறிதல்

நூல் வாங்குவதற்கு முன் மூன்று செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும். வயதையும் வகுப்பையும் மட்டும் பார்த்து நூல் வாங்கினால் அது பெரும்பாலும் அலமாரியிலேயே தங்கிவிடும்.

முதலாவது, குழந்தையின் காதுக்கு ஆங்கிலம் எவ்வளவு பழக்கம் என்பது. 'கிவ் மீ த ரெட் பால்' என்று கையசைவு எதுவும் இல்லாமல் இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். குழந்தை பந்தை எடுத்துத் தந்தால் எளிய வாக்கியங்களின் பொருள் அதற்குப் புரிகிறது என்று கொள்ளலாம். இரண்டாவது, எழுத்துகளின் பெயரன்றி ஒலி அதற்குத் தெரியுமா என்பது. 'எஸ்' என்று பெயர் சொல்லும் குழந்தைக்கு அவ்வெழுத்து 'ஸ்' என்று ஒலிக்கும் என்பது தெரியாமல் இருக்கலாம். மூன்றாவது, தமிழில் அது எந்த அளவுக்கு வாசிக்கிறது என்பது. இந்த மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. நான் அதையே முதன்மையாகக் கருதுகிறேன். எழுத்துகளைச் சேர்த்தால் சொல் பிறக்கும், வரிகளைத் தொடர்ந்தால் கதை விரியும் என்ற அறிவை ஒரு மொழியில் பெற்றுவிட்ட குழந்தை, அதை மறுமொழிக்கும் எடுத்துச் செல்கிறது. தமிழ் வாசிப்பே தடுமாறும் குழந்தைக்கு ஆங்கிலக் கதையை வாசித்துக் காட்டலாம்; ஆனால் தானாக வாசிக்கும் பயிற்சியைத் தமிழிலிருந்தே தொடங்குவது நல்லது. தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு நிலைகளில் வெளியிட்ட சிறு தமிழ்க் கதை நூல்கள் இதற்கு மிகவும் ஏற்றவை.

இரண்டாம் படி: நூலைத் தேர்ந்தெடுத்தல்

ஆங்கிலப் படக்கதை நூல்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், அவற்றில் மூன்று வகைகள் உண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

முதல் வகை, பெரியவர் வாசித்துக் குழந்தை கேட்பதற்கானது. இதில் மொழி வளமாக இருக்கும். கடினமான சொல்லும் வரும். படம் பொருளை விளக்கும். இரண்டாம் வகை, எழுத்தொலிப் பயிற்சிக்கானது. குழந்தை ஏற்கெனவே கற்ற ஒலிகளால் ஆன சொற்களை மட்டுமே கொண்டு எழுதப்படுவதால் கதை மெலிந்திருக்கும். ஆனால் குழந்தை தானாக வாசித்து முடிக்கும். மூன்றாம் வகை, சொற்களின் எண்ணிக்கையையும் வாக்கிய நீளத்தையும் கட்டுப்படுத்தி, நிலை நிலையாக வளர்ந்து செல்லும் வாசிப்பு நூல்கள். வீட்டில் மூன்றும் வேண்டும். பணம் குறைவாக இருந்தால் முதல் வகையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கதையின் மீது ஆசை இல்லாத குழந்தையிடம் எழுத்தொலிப் பயிற்சி நெடுநாள் நிற்பதில்லை.

சொற்கள் குறைவாக இருப்பதால் கதை சப்பென்றுதான் இருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவில் டாக்டர் சூஸ் 1957இல் வெளியிட்ட, தொப்பியணிந்த பூனையின் கதையில் மொத்தமாக 236 வெவ்வேறு சொற்களே உள்ளன. அது உலகெங்கும் குழந்தைகள் விரும்பிப் படிக்கும் நூலாயிற்று. எனவே கடையிலோ நூலகத்திலோ ஒரு நூலைக் கையில் எடுத்ததும், எழுத்தை மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்துக் கதை புரிகிறதா என்று சோதியுங்கள். புரிந்தால் அந்தப் படங்கள் உழைக்கின்றன என்று பொருள். 'ஆடு கூரை மேல் நிற்கிறது' என்ற வரிக்கு அருகில் ஆடும் கூரையும் அது மேலே நிற்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். வரியில் இல்லாத பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் பக்கத்தை நிறைத்திருக்கும் நூல் அழகாக இருக்கலாம். மொழி கற்பிக்க அது அவ்வளவாக உதவாது.

அடுத்து, ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு விலங்கு வந்து அதே கேள்வியைக் கேட்கும் கதைகளில், மூன்றாவது பக்கத்திலேயே குழந்தை தானும் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிடும். குழந்தை தானாக வாசிக்க வேண்டிய நூலாக இருந்தால் நடுவிலிருந்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் செய்யுங்கள். ஒரு பக்கத்திலேயே ஐந்து விரல்களும் மடங்கிவிட்டால் அந்த நூல் இப்போதைக்குக் கடினம். பக்கத்துக்கு இரண்டு வரிகளே உள்ள நூலில் இரண்டு விரல் மடங்கினாலே போதும், அதைப் பெரியவர் வாசித்துக் காட்டும் நூலாக வைத்துக்கொள்ளலாம்.

கதை நடக்கும் இடமும் கருதத்தக்கது. பனி பொழியும் தெருவும் கணப்படுப்பும் நிறைந்த நூல்கள் கூடாதென்பதில்லை. ஆனால் தொடக்கத்தில் குழந்தைக்குப் பழகிய திண்ணையும் பேருந்தும் மழையும் ஆடும் வரும் கதையாக இருந்தால், பொருள் முன்பே தெரிந்திருப்பதால் அதன் கவனம் முழுவதும் புதிய மொழியின் மீது செல்லும். இந்த வகையில் நமக்குக் குறையில்லை. சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் அமைந்த இருமொழி நூல்களை வெளியிடுகிறது. 2004இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் என்னும் இலாப நோக்கற்ற பதிப்பகம், 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்த படக்கதைகளைக் கட்டணமின்றித் தருகிறது. அவற்றைத் தரவிறக்கி அச்சிடவும் அதன் உரிமம் இடமளிக்கிறது. ஒரே கதையின் தமிழ் வடிவமும் ஆங்கில வடிவமும் அங்கே கிடைப்பது நமக்குப் பெரும் வாய்ப்பு. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைந்தவை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. வாங்குமுன் அங்கே குழந்தையையே பத்து நூல்களைப் புரட்டவிட்டு, எதை இரண்டாம் முறை எடுக்கிறது என்று கவனிப்பது விளம்பரங்களை நம்புவதைவிட மேலானது.

மூன்றாம் படி: பெரியவரின் ஆயத்தம்

குழந்தையுடன் அமர்வதற்கு முன் நூலை ஒருமுறையாவது நீங்கள் உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும். ஐயமுள்ள சொல்லின் ஒலிப்பைக் கைப்பேசியில் உள்ள அகராதிச் செயலியில் கேட்டுக்கொள்ளலாம். எந்த வரியில் குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்திக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெற்றோரும் பாட்டி தாத்தாக்களும் இதிலிருந்து விலகி நிற்க வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒலியுடன் சேர்ந்து வரும் கதை நூல்களில் சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிரும்போதே குரலும் கேட்கும். பெரியவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அக்குரலைக் கேட்டபடி அச்சு நூலின் பக்கத்தைப் புரட்டலாம். படத்தைப் பற்றித் தமிழில் பேசலாம். கதையைப் பற்றிய உரையாடல் எந்த மொழியில் நடந்தாலும் அது குழந்தையின் புரிதலை வளர்க்கிறது. தமிழில் பேசினால் ஆங்கிலம் வராது என்ற அச்சத்தில் பல வீடுகளில் பேச்சே நின்றுவிடுகிறது, அது வருந்தத்தக்கது. கைப்பேசித் திரையைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். உடனிருந்து பேசுபவர் இல்லாவிட்டால் ஒலி வெறும் ஓசையாகவே கடந்துபோகும்.

நான்காம் படி: முதலில் படங்களின் ஊடே ஒரு சுற்று

முதல் நாளில் ஒரு வரியைக்கூட வாசிக்க வேண்டாம். அட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்து, என்ன நடக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று தமிழிலேயே பேசுங்கள். இதை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். ஓர் ஆடு, கொடியில் காயும் சிவப்பு மழைச்சட்டை ஒன்றைப் பார்த்து, அருகில் வந்து, மென்று தின்றுவிட்டு, துரத்தப்பட்டுக் கூரை மேல் ஏறி நிற்கும் ஒரு சிறு கதை என்று வைத்துக்கொள்வோம். "இந்த ஆடு எதைப் பார்க்குது, கண்ணு?" என்று கேட்டால் குழந்தை கொடியைக் காட்டும். "ஆமாம், அந்தச் சிவப்பு 'கோட்'டை. அதை என்ன பண்ணப் போகுதோ!" என்று பேச்சை வளர்க்கலாம். கதை வாசிக்கத் தேவைப்படும் நான்கைந்து ஆங்கிலச் சொற்களை, அதாவது ஆடு, மழைச்சட்டை, சிவப்பு, கூரை ஆகியவற்றுக்கான சொற்களை, படத்தைச் சுட்டியபடி இந்தப் பேச்சுக்குள்ளேயே நுழைத்துவிட வேண்டும். தனியாகச் சொற்பொருள் எழுதிப் படிக்க வைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: வாசித்துக் காட்டுதல்

மறுநாள் முழுக் கதையையும் இடையில் நிறுத்தாமல் வாசித்துக் காட்டுங்கள். குரலில் உயிர் இருக்க வேண்டும், வேகம் வேண்டியதில்லை. வாசிக்கும்போது சுட்டுவிரலைச் சொற்களின் அடியில் இடமிருந்து வலமாக நகர்த்தினால், பேசப்படும் சொல்லுக்கும் அச்சிட்ட சொல்லுக்கும் உள்ள உறவு எந்த விளக்கமும் இன்றியே குழந்தைக்குப் புலப்படும். ஒவ்வொரு வரியையும் தமிழாக்கிச் சொல்லும் பழக்கம் இங்கேதான் பெரும் தடையாகிறது. வரிக்கு வரி தமிழ் வரும் என்று தெரிந்துவிட்டால் குழந்தை ஆங்கிலத்தைக் கேட்காமல் தமிழுக்காகக் காத்திருக்கும். படத்தாலும் சைகையாலும் விளங்காத ஓரிரு சொற்களுக்கு மட்டும் தமிழ்ச் சொல்லைச் சொல்லிவிட்டு உடனே கதைக்குத் திரும்புங்கள்.

மூன்றாம், நான்காம் நாள்களிலும் அதே கதைதான். பெரியவருக்குச் சலிக்கும், குழந்தைக்குச் சலிக்காது. தெரிந்த கதை மீண்டும் வரும்போதுதான் அதன் மொழியைக் கவனிக்க அதற்கு ஓய்வு கிடைக்கிறது. இப்போது வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துங்கள், குழந்தை நிரப்பும். பிறகு கேள்விகளை வளர்க்கலாம். குழந்தை ஒரே சொல்லில் 'ரெட்' என்று பதில் சொன்னால், 'யெஸ், எ ரெட் கோட்' என்று அதை நீட்டிச் சொல்லி, அதையே மீண்டும் சொல்லும்படி விளையாட்டாகத் தூண்டுங்கள். அமெரிக்க உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988இல் விளக்கிய உரையாடல்வழி வாசிப்பின் சாரம் இதுவே: கேட்பது, பதிலை ஏற்பது, அதைச் சற்று விரிப்பது, மீண்டும் சொல்ல வைப்பது.

சில பிள்ளைகள் வாரக்கணக்கில் ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சுட்டிக் காட்டுவதும் தலையசைப்பதும் சிரிப்பதும் சரியான இடத்தில் வந்தால் கற்றல் நடந்துகொண்டிருக்கிறது. வாய் திறக்கும்படி வற்புறுத்தக் கூடாது.

ஆறாம் படி: ஒலியும் எழுத்தும்

இது தனியாக நிகழ வேண்டிய பணி. கதை வாசிக்கும் நேரத்துக்குள் இதைக் கலக்காமல், நாளின் வேறொரு வேளையில் ஐந்து அல்லது பத்து நிமிடம் ஒதுக்குவது நல்லது. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. ஆங்கிலத்தில் அப்படியில்லை, 26 எழுத்துகள் சேர்ந்து ஏறத்தாழ 44 ஒலிகளைக் குறிக்கின்றன. ஆகவே ஏ முதல் இசட் வரை பெயர் வரிசையாகக் கற்பதைவிட, எளிதில் சொற்களாக இணையும் ஒலிகளை முதலில் கற்பது பயன் தரும். இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் வரிசையில் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்துகள் முதலில் வருகின்றன; இந்த ஆறைக் கொண்டே குண்டூசி, தகரக்குவளை, எறும்பு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் குழந்தை தானே கூட்டி வாசித்துவிடும்.

ஒலிக்கு அடங்காமல் அடிக்கடி வரும் சிறு சொற்களைக் கண்ணால் அடையாளம் காணப் பழக்க வேண்டும். மெக்னாலி, மரே ஆகிய இருவர் 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கணக்கிட்டபோது, 'த', 'அண்ட்', 'இஸ்', 'வாஸ்' உள்ளிட்ட பன்னிரண்டே சொற்கள், நாம் படிக்கும், எழுதும் சொற்களில் கால் பங்கை நிரப்புவதையும், நூறு சொற்கள் பாதியை நிரப்புவதையும் கண்டனர். இவற்றை அட்டையில் எழுதி ஒப்பிக்க வைப்பதைவிட, வாசித்து முடித்த கதையின் பக்கத்தில் 'த' எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்வது சிறந்த பயிற்சி.

தமிழ் பேசும் குழந்தைக்கு நேரும் சில இடர்களை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லின் கீழே தமிழெழுத்தில் ஒலிப்பை எழுதிக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு, அதைக் கைவிடுங்கள். மேலே சொன்ன கதையில் ஆட்டைக் குறிக்கும் சொல்லையும் மழைச்சட்டையைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கோட்' என்றே அமையும். தமிழெழுத்து வேறுபடுத்தாத அந்த முதலொலிதான் ஆங்கிலத்தில் இரண்டு வேறு பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்கள் தமிழெழுத்தில் வருவது பெரியவர்கள் வாசிப்பதற்காகத்தான். அதேபோல் மட்டையைக் குறிக்கும் 'பேட்' என்ற சொல்லின் நடு உயிர் தமிழில் இல்லாத ஒலி. வாயை அகலத் திறந்து சொல்லிக் காட்டிக் காதால் மட்டுமே பழக்க முடியும். சொல்லின் இறுதியில் உகரம் சேர்த்துப் 'புக்கு', 'கப்பு' என்பதும், தொடக்கத்தில் இகரம் சேர்த்து 'இஸ்கூல்' என்பதும் நம் நாவின் இயல்பு. இவற்றுக்காகக் குழந்தையைக் கண்டிப்பதில் பயனில்லை. சரியான ஒலி கதைக்குள் நூறு முறை காதில் விழுந்தால் மெல்ல மாறிவிடும்.

கதை மொழியிலும் இரண்டு இடங்களில் நம் குழந்தை திகைக்கும். தமிழில் ஆடு 'அது'. ஆங்கிலக் கதையில் அதே ஆடு 'ஹீ' அல்லது 'ஷீ' ஆகிவிடும். புதிய ஆள் யாரோ வந்துவிட்டதாகக் குழந்தை படத்தில் தேடுவதுண்டு. அதே ஆட்டைச் சுட்டிக்காட்டி வாசித்தால் குழப்பம் தீரும். இன்னொன்று, 'கூரை மேல்' என்பதில் பின்னால் வரும் 'மேல்' ஆங்கிலத்தில் 'ஆன் த ரூஃப்' என்று முன்னால் போய்விடுகிறது. இதை இலக்கண விதியாக விளக்கத் தேவையில்லை. பக்கந்தோறும் ஆடு வெவ்வேறு இடங்களில் நிற்கும் ஒரு கதையை நான்கு முறை வாசித்தால் போதும்.

ஏழாம் படி: குழந்தை தானாக வாசித்தல்

இப்போது இரண்டாம் வகை நூலைக் கையில் கொடுக்கலாம். இங்கே படத்தின் பங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. கேட்கும் கதையில் படம் பெரும் துணை. எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பழகும்போது அதே படம் குறுக்கு வழியாகிவிடக்கூடும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்லும் பழக்கம் தொடக்கத்தில் வேகமான வாசிப்பைப் போலத் தோன்றினாலும், படம் குறைந்த நூல்களுக்குச் செல்லும்போது குழந்தை தடுமாறிப் போகும். ஆகவே எழுத்தொலி நூல்களை வாசிக்கையில் படத்தை ஓர் அட்டையால் மறைத்து, வரியை வாசித்து முடித்த பிறகு திறந்து, வாசித்தது சரிதானா என்று படத்தைக் கொண்டு குழந்தையே உறுதிசெய்துகொள்ளட்டும். மறைத்த படத்தைத் திறந்து பார்க்கும் ஆவலும் வாசிப்பை முன்னோக்கி இழுக்கும்.

பிழை வந்தால் உடனே குறுக்கிடாமல், குழந்தை தானே உணர்கிறதா என்று சிறிது காத்திருங்கள். உணராவிட்டால் அந்தச் சொல்லை மட்டும் ஒலி ஒலியாகப் பிரித்துக் காட்டுங்கள். 'த', 'எ' போன்ற சிறு சொற்களை விட்டுவிட்டு வாசித்தால், அவற்றைப் போலக் கட்டாயமாக வரும் சொல் தமிழில் இல்லாததே காரணம்; வரி முடிந்ததும் நீங்கள் முழு வாக்கியத்தையும் சரியாக ஒருமுறை வாசித்துவிட்டு நகரலாம். வாசித்து முடித்தவுடன் தேர்வு நடத்துவதைப் போல ஐந்து கேள்வி கேட்பதை நான் ஏற்பதில்லை. "உனக்கு எந்தப் பக்கம் பிடிச்சது?" என்ற ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே கதை புரிந்ததா என்பது தெரிந்துவிடும்.

எட்டாம் படி: குழந்தையே நூல் செய்தல்

வாரத்தின் இறுதியில், வெள்ளைத்தாள்களை நடுவில் மடித்துத் தைத்து எட்டுப் பக்க நூல் ஒன்றைச் செய்து கொடுங்கள். வாசித்த கதையின் வாக்கியத்தையே வைத்துக்கொண்டு, ஆட்டுக்குப் பதிலாக மாட்டையோ காக்கையையோ குழந்தை வரையட்டும். அது சொல்லும் ஒற்றை ஆங்கில வரியை நீங்களோ அதுவோ கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்த வேண்டாம். தன் நூலைத் தாத்தாவுக்கும் அத்தைக்கும் வாசித்துக் காட்டும் குழந்தை, அந்த வரிகளைப் பின்னர் மறப்பதில்லை.

வகுப்பறையில்

நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் சிறு நூலின் படம் பின்வரிசைக்குத் தெரியாது. நியூசிலாந்தில் டான் ஹோல்டவே போன்ற கல்வியாளர்கள் பரப்பிய பெருநூல் முறை இதற்காகவே உருவானது. கதையைச் சார்ட் தாள்களில் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைகளைக் கொண்டே படம் வரைய வைத்து, மேலே துளையிட்டு நூலால் கட்டினால் பெருநூல் ஆயிற்று. அதைச் சுற்றி மாணவர்களைத் தரையில் நெருங்கி அமரச் செய்து, குச்சியால் சொற்களைச் சுட்டி வாசிக்க வேண்டும். முதல் மூன்று வகுப்புகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆங்கிலமும் ஒரு பாடமாக இருப்பதால், அதன் செயல்பாட்டு நேரத்தில் பத்து நிமிடத்தைக் கதைக்கு ஒதுக்குவது இயலக்கூடியதே. வாசித்து முடித்த நூல்களைப் பூட்டிய அலமாரியில் வைக்காமல், ஒரு கயிற்றில் தொங்கவிட்டுப் பிள்ளைகள் தாமே எடுத்துப் புரட்டும்படி செய்யுங்கள். கிழியும் நூல்களை ஒட்டிக்கொள்ளலாம். யாரும் தொடாமல் புதிதாகவே இருக்கும் நூலால் எவருக்கும் ஆங்கிலம் வராது.

கால அளவும் அடுத்த நிலையும்

நாள்தோறும் பதினைந்து நிமிடம், ஒரு நூலுக்கு நான்கு அல்லது ஐந்து நாள் என்ற அளவு பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் அமர்வதைவிட இது மேலானது. முன்னேற்றத்தை மதிப்பெண்ணால் அளக்க முடியாது. பழைய நூலைக் கேட்காமலே எடுத்து வந்து தனக்குத்தானே முணுமுணுத்து வாசிப்பது, கதையில் வந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் வேறொரு சூழலில் சொல்வது, படத்தைப் பார்க்கும் முன்பே வரிக்குச் சிரிப்பது ஆகியவையே நம்பத்தக்க அறிகுறிகள்.

பக்கத்துக்கு ஐந்தாறு வரிகள் உள்ள நூலைத் தடையின்றி வாசித்து, அதைத் தன் சொற்களில் ஆங்கிலமும் தமிழும் கலந்தேனும் திரும்பச் சொல்லத் தொடங்கியதும், சிறு அத்தியாயங்களும் இடையிடையே கோட்டோவியங்களும் கொண்ட நூல்களை அறிமுகப்படுத்தலாம். முதல் அத்தியாயத்தை நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டு, அடுத்ததைக் குழந்தையிடம் விடுங்கள். அந்நிலையிலும் சில நாள்களில் அது பழைய படக்கதை நூலுக்கே திரும்பும். அதைத் தடுக்க வேண்டாம். எளிய நூலைச் சரளமாக வாசிக்கும்போதுதான் வேகமும் தன்னம்பிக்கையும் உறுதிப்படுகின்றன. வாசித்துக் காட்டுவதையும் நிறுத்த வேண்டாம். குழந்தை தானாக வாசிக்கும் நிலைக்கு ஒரு படி மேலான நூல் ஒன்று உங்கள் குரலில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கட்டும்.